முற்றத்தில் விரலைச் சுட்ட வண்டு: அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஐப்பசி மழை விட்டதும் அப்பத்தா வீட்டு முற்றத்தில் தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்த சருகைக் கையால் அள்ளியிருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு கறுப்பு வண்டு 'டப்' என்று சத்தத்தோடு புகை மாதிரி எதையோ அடிக்க, விரல் சுரீர் என்றிருக்கிறது. இரண்டு நாளாகியும் பழுப்புக் கறை போகவில்லையாம். வண்டு வயிற்றில் கொதிக்கிற ஆசிட் இருக்கிறது என்பது உண்மையா, இரண்டு ரசாயனங்களும் சேர்ந்தாலே வெடிக்கும் என்கிறார்களே, அப்படியானால் அது ஏன் தானே வெந்து சாகவில்லை என்பது கேள்வி.

முதலில் விரலைப் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை. கறையைத் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டாம், அது தோலின் மேல்படலத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்ட சாயம், அந்தப் படலம் உதிரும்போது தானாகப் போய்விடும். கண்ணில் பட்டால் மட்டும் கதை வேறு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி வருகிற, கறுப்பும் ஆரஞ்சுமாக எறும்பு போல ஒல்லியாக இருக்கும் ஒன்றை எல்லோரும் ஆசிட் பூச்சி என்கிறோமே, அது இது இல்லை. அது எதையும் பீய்ச்சாது. கழுத்தில் ஊர்வதை நாம் நசுக்கும்போது அதன் உடம்புக்குள் இருக்கும் பெடெரின் என்ற விஷம் தோலில் படுகிறது, அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கழித்துத்தான் கோடு கோடாகக் கொப்புளம் கிளம்பும். உங்களுக்கு உடனே சுட்டது, சத்தம் கேட்டது, புகை தெரிந்தது, பழுப்புக் கறை விழுந்தது. இந்த நான்கும் சேர்ந்தால் பாம்பார்டியர் வண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழில் குண்டுவீச்சு வண்டு என்று எழுதுகிறார்கள். தரை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது, உலகத்தில் 500 வகைக்கு மேல் உண்டு, அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் பெரோப்சோஃபஸ் என்ற இனம், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளம், கறுப்பு முதுகில் மஞ்சள் திட்டு. பகலில் ஈரமான கல்லுக்கும் சருகுக்கும் அடியில் கிடக்கும், ராத்திரிதான் வெளியே நடமாட்டம்.

சரி, ஆசிட்டா? இல்லை. அந்த வண்டு வைத்திருக்கும் இரண்டு பொருளும் நமக்குப் பழக்கமானவை. ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவ மெடிக்கல் ஷாப்பில் வாங்குவோமே, அதே. அந்தப் பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் 6 சதவீதம் என்று அர்த்தம். வண்டிடம் இருப்பது கிட்டத்தட்ட 25 சதவீதம். இன்னொன்று ஹைட்ரோகுயினோன், சுமார் 10 சதவீதம். கறுப்பு வெள்ளை போட்டோ காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் டெவலப்பரில் கலந்தது இதைத்தான். எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பாவின் விரல் நகங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பழுப்பு இருக்கும், உங்கள் விரலில் இருக்கும் கறைக்கும் அதற்கும் நெருங்கிய சொந்தம்.

இந்த ரசாயனங்களைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஷில்ட்க்னெக்ட், 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும். அவருடைய வேலையைப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும், ஆனால் இன்றைக்கும் வீடியோக்களில் தப்பாகவேதான் சொல்கிறார்கள்: வண்டுக்குள் இரண்டு டேங்க், ஒன்றில் இது, ஒன்றில் அது, சண்டை வந்தால் இரண்டையும் கலக்கும், கலந்ததும் வெடிக்கும். அப்படிக் கிடையாது. இரண்டும் ஒரே பையில், ஒன்றாகக் கலந்தபடியே, நாள் கணக்கில் சும்மா இருக்கின்றன.

நான் காரைக்குடியில் முப்பது வருடம் வேதியியல் பாடம் எடுத்தவன். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முறை மெடிக்கல் ஷாப் பெராக்சைடில் ஹைட்ரோகுயினோன் ஒரு சிட்டிகை போட்டு, பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். மணி அடிக்கும் வரை எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் தேநீர் நிறத்தில் லேசாகப் பழுத்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் இன்னொரு குழாயில் வெறும் பெராக்சைடு எடுத்து, உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்த சாறு இரண்டு சொட்டு விட்டேன். புசுபுசுவென்று நுரை பொங்கிக் குழாய் வாய் வழியாக வழிந்தது, குழாயைத் தொட்ட பையன் "சார், சுடுது" என்று கையை எடுத்துக்கொண்டான். உருளைக்கிழங்கில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி செய்த வேலை. அதே நொதி நம் ரத்தத்திலும் உண்டு, புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் பொங்குவது அதனால்தான்.

வண்டின் வெடி இந்த இரண்டு குழாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது. வயிற்றில் இடமும் வலமுமாக இரண்டு சுரப்பி. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பை, அதைச் சுற்றித் தசை, உள்ளே கலவை. பைக்கு அடுத்து ஒரு சின்ன அறை, தடித்த சுவரோடு. நொதிகள் அந்த அறையில் காத்திருக்கின்றன: கேட்டலேஸ் பெராக்சைடை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனும் ஆக்கும், பெராக்சிடேஸ் ஹைட்ரோகுயினோனைக் குயினோனாக மாற்றும். தசை இறுகினால் கலவை கொஞ்சம் அறைக்குள் போகும், போன மறுகணம் கொதிக்கும், வெளியான ஆக்சிஜனே தள்ளிக்கொண்டு வெளியே வரும். அடிப்பதும் சுடுவதும் கறை பிடிப்பதும் அந்தக் குயினோன் கலந்த கொதிநீர்.

ஹைட்ரோகுயினோன், குயினோன் என்ற இந்த ஜோடி எங்கள் ஊருக்கு ரொம்பவே தெரிந்த ஜோடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் போட்டு 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறதல்லவா, மின்வேதியியல் படிக்கிற எவருக்கும் ஹைட்ரோகுயினோனும் குயினோனும் ஆனா ஆவன்னா மாதிரி. இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குகிற ஜோடி, ஒரு காலத்தில் கரைசலின் அமிலத்தன்மையை அளக்க இதை வைத்துத்தான் மின்முனை செய்தார்கள். இதன் மின்னழுத்தம் 0.70 வோல்ட், பெராக்சைடு தண்ணீராகும் மின்னழுத்தம் 1.78 வோல்ட். இடைவெளி ஒரு வோல்ட்டுக்கும் மேல், அதாவது இறங்குவதற்குச் சரிவு ஏராளமாக இருக்கிறது. ஆனாலும் பைக்குள் இறங்காமல் நிற்கிறது, ஏனென்றால் சரிவு இருப்பது வேறு, வழி திறந்திருப்பது வேறு. நொதி வழியைத் திறந்துவிடுகிறது. கலந்தால் வெடிக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எவ்வளவு சூடு என்பதை முதலில் சரியாக அளந்தது 1969இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேனியல் அனேஷன்ஸ்லி, தாமஸ் ஐஸ்னர் குழு. 100 டிகிரி செல்சியஸ். ஒரு மில்லிகிராம் திரவத்துக்குச் சுமார் 0.8 ஜூல் வெப்பம் வெளியாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் ஊர் 30 டிகிரியிலிருந்து 100 வரை கொண்டுபோக 0.3 ஜூல் போதும். மிச்சமிருக்கும் அரை ஜூல் எங்கே போகும்? திரவத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை ஆவியாக்கும். நீங்கள் பார்த்த 'புகை' அந்த ஆவிதான் தம்பி.

ஐஸ்னரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. பூச்சிகள் ரசாயனத்தால் எப்படிப் பேசிக்கொள்கின்றன, எப்படிச் சண்டை போடுகின்றன என்பதற்கே ஆயுளைக் கொடுத்த மனிதர், 2011இல் காலமானார். வண்டு குறி பார்த்து அடிக்கிறதா என்று கண்டறிய அவர் செய்த சோதனையைப் பாருங்கள். வண்டின் முதுகில் ஒரு சொட்டு மெழுகு வைத்து அதில் கம்பியை ஒட்டி, கால் தரையில் படும்படி நிற்க வைத்தார். கீழே விரித்த தாளில் ஸ்டார்ச்சும் அயோடைடும் ஊறவைத்திருந்தார். கஞ்சித் தண்ணீரில் டிங்சர் அயோடின் விட்டால் நீலக் கறுப்பாகுமே, அதே விஷயம், குயினோன் படும் இடத்தில் தாள் கறுக்கும். அப்புறம் சின்ன இடுக்கியால் ஒரு காலைக் கிள்ளினார். எந்தக் காலைக் கிள்ளினாரோ அந்தப் பக்கமே கறை. வலது முன்னங்கால் என்றால் வலது முன்பக்கம், இடது பின்னங்கால் என்றால் இடது பின்பக்கம். வயிற்று நுனியைத் துப்பாக்கி முனை போலத் திருப்புகிறது. 1999இல் வெளியிட்ட புகைப்படங்களில் முதுகுக்கு மேலாக முன்னோக்கி அடிப்பதும் தெரிகிறது, அதற்கென்று வயிற்று நுனியில் திரவத்தைத் திசைதிருப்பும் இரண்டு சின்னத் தகடுகளை நீட்டுகிறது. ஒரு எறும்பு காலைக் கடித்தால் அந்த எறும்பின் மேல் மட்டும் விழுகிற அளவுக்குத் துல்லியம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அது ஏன் வேகவில்லை?

நாம் கேட்பது ஒரே ஒரு 'டப்'. ஆனால் அது ஒரு வெடி இல்லை. 1990இல் ஐஸ்னரும் அனேஷன்ஸ்லியும் ஜெஃப்ரி டீனும், வேகமாக நகர்வதைப் படம்பிடிப்பதில் பெயர்பெற்ற, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்ஜர்டனும் சேர்ந்து, ஆப்பிரிக்காவின் ஸ்டெனாப்டினஸ் இன்சிக்னிஸ் என்ற வண்டை ஆராய்ந்தார்கள். சத்தத்தையும், திரவம் மோதும் விசையையும் பதிவு செய்தார்கள், மிகுவேக கேமராவிலும் எடுத்தார்கள். அந்த ஒரு 'டப்'புக்குள் நொடிக்கு 500 என்ற வேகத்தில் குட்டிக் குட்டி வெடிகள் வரிசையாக இருந்தன. திரவம் சராசரியாக நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி லண்டன் மேல் ஏவிய வி-1 பறக்கும் குண்டின் எஞ்சினும் இதே விதத்தில் விட்டு விட்டு வெடித்து ஓடியதுதான், ஆனால் அது நொடிக்கு நாற்பது ஐம்பது முறை.

நொடிக்கு 500 முறை ஒரு தசை இறுகித் தளர முடியுமா? பையிலிருந்து அறைக்குப் போகும் வழியை வண்டு ஒவ்வொரு தடவையும் தானே திறந்து மூடுகிறது என்பது நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கும் வண்டின் வயிற்றுக்குள் வெடி நடக்கும்போது பார்க்க அன்றைக்கு வழி இல்லை. அந்த வழி கிடைக்க இன்னும் 25 வருடம் ஆனது. 2015இல் எம்ஐடியின் எரிக் ஆர்ன்ட், கிறிஸ்டின் ஆர்டிஸ், அரிசோனா பல்கலைக்கழகத்தின் வெண்டி மூர், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் வா-கீட் லீ ஆகியோர் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இருக்கும் சின்குரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி இயந்திரத்திலிருந்து வரும் எக்ஸ்-ரேயை வண்டின் வழியே செலுத்தி, நொடிக்கு 2,000 படம் எடுத்தார்கள். அறைக்குள் ஆவிக் குமிழி கிளம்புவதும் வெளியேறுவதும் படத்திலேயே தெரிந்தது.

அவர்கள் சொன்னதை நம் ஊர் ஆளுக்குச் சொல்வது சுலபம். கிணற்றில் இறக்கிய மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். அதைத் திறக்க ஆள் கிடையாது, மூட ஆள் கிடையாது. மோட்டார் இழுத்தால் திறக்கும், நின்றால் மேலே நிற்கும் தண்ணீரின் கனமே அதை அழுத்தி மூடும். வண்டிலும் அதுதான். பைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு வால்வு, அதை ஒட்டி அறைச் சுவரில் வளைந்து கொடுக்கும் ஒரு மெல்லிய சவ்வு. வண்டு தன் பங்குக்குப் பையைச் சுற்றியுள்ள தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. ஒரு துளி உள்ளே போகிறது, வெடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, சவ்வு புடைத்து வால்வை அமுக்கி மூடிவிடுகிறது. கொதித்தது வெளியே போனதும் அழுத்தம் இறங்குகிறது, சவ்வு பழைய இடத்துக்கு வருகிறது, வழி திறக்கிறது, அடுத்த துளி. வெடியே கதவைச் சாத்துகிறது. அதனால் தீ பைக்குள் திரும்பி வர வழியில்லை.

வேகாததற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் அறைக்குள் இருப்பது ஒரு துளியிலும் துளி. ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் பையிலிருந்து குளிர்ந்த கலவை உள்ளே வருவதால் அறை தொடர்ந்து சூடேறிக்கொண்டே போவதில்லை. அறையின் சுவர் கைட்டினும் புரதமும் மெழுகும் சேர்ந்த தடித்த ஓடு, வளைய வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லியது. இந்த வண்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரசாயனத்தையே பேசுகிறார்கள், எனக்கு வருகிற ஆச்சரியம் முழுக்கப் பாத்திரத்தின் மேல். குயினோனைப் பீச்சும் பூச்சிகள் நிறைய உண்டு, பூச்சிகளின் ஓடு இறுகிக் கறுப்பதே பலவற்றில் குயினோனால்தான், கேட்டலேஸ் இல்லாத உயிரணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சரக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வால்வு போட்ட பாத்திரம் இந்த வண்டிடம் இருக்கிறது.

அந்தப் பாத்திரம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. கலிபோர்னியாவில் மெட்ரியஸ் கான்ட்ராக்டஸ் என்று ஒரு வண்டு, இந்தக் கூட்டத்திலேயே பழைய அமைப்பு கொண்டது என்று கருதப்படுவது. ஐஸ்னர் குழு 2000இல் அதை ஆராய்ந்தது. அதற்கு விட்டு விட்டு வெடிக்கத் தெரியாது, சூடு 55 டிகிரிதான் எட்டியது. பின்பக்கம் தொட்டால் மெல்லிய தூறலாக விடும், முன்பக்கம் தொட்டால் திரவம் நுரைத்துக்கொண்டு இறக்கை ஓட்டின் மேல் முன்னோக்கி வழியும். குறி பார்க்காது. ஆனாலும் எறும்பை விரட்ட அதுவே போதுமானது. இப்படிப்பட்ட அமைப்பு படிப்படியாக வந்திருக்க முடியாது, ஒன்று குறைந்தாலும் மொத்தமும் வீண் என்று வாதிடுபவர்களிடம் நான் இந்த வண்டைத்தான் காட்டுவேன்.

டார்வின் வாயில் போட்டுக்கொண்ட வண்டு இதுதான் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டு இருக்க, மூன்றாவதாக ஒன்றைப் பார்த்ததும் கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டு, அது நாக்கைச் சுட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அது தரை வண்டு என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, குண்டுவீச்சு வண்டு என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இவ்வளவு ஆயுதம் இருந்தும் எல்லோரிடமும் ஜெயிப்பதில்லை. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் ஷின்ஜி சுகியுராவும் தகுயா சாட்டோவும் பெரோப்சோஃபஸ் வண்டுகளைத் தேரைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். தேரை நாக்கை வீசி விழுங்கிவிட்டது, அப்புறம் வயிற்றுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்டது. 43 சதவீதத் தேரைகள் வாந்தி எடுத்தன, விழுங்கி 12 நிமிடத்திலிருந்து 107 நிமிடத்துக்குள். வெளியே வந்த வண்டுகள் எல்லாமே உயிரோடு நடந்து போயின. ரசாயனத்தை முன்கூட்டியே தீர்க்க வைத்துக் கொடுத்த வண்டுகள் கிட்டத்தட்ட எல்லாம் செரித்துப்போயின. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேரையின் வயிற்றில் இருந்துவிட்டு வெளியே வந்து நடப்பது என்றால் யோசித்துப் பாருங்கள்.

தோற்கும் இடமும் ஒன்று உண்டு. வலையின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி உட்கார்ந்திருக்குமே ஒரு சிலந்தி, நம் ஊர்த் தோட்டத்து வேலிகளில் தைமாதம் வரை பார்க்கலாம், அந்த ஆர்ஜியோப்பே இனத்தை ஐஸ்னரும் டீனும் 1976இல் சோதித்தார்கள். அது அவசரப்பட்டுக் கடிப்பதில்லை. தூர நின்று பின்னங்காலால் நூலை இழுத்து இழுத்து வண்டைச் சுற்றிக் கட்டுகிறது. யாரும் அழுத்திப் பிடிக்காததால் வண்டும் சுடாமல் இருந்துவிடுகிறது. முழுக்கக் கட்டிய பிறகுதான் கடி. நெஃபிலா என்ற இன்னொரு பெரிய சிலந்தி நேராகக் கடிக்கப் போய் முகத்தில் வாங்கிக்கொண்டு பின்வாங்குகிறது.

அப்பத்தாவிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இந்த வண்டைக் கண்டால் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜப்பானில் இருக்கும் பெரோப்சோஃபஸின் புழுவும், தென்னமெரிக்காவில் இருக்கும் இன்னொன்றின் புழுவும் மண்ணுக்குள் பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்று வளர்கின்றன. நாற்றங்காலில் வேரைக் கடித்துத் தொல்லை கொடுக்கும் அதே பிள்ளைப்பூச்சிதான். நம் கண்மாய்க் கரை ஈர மண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நானே ஒரே கல்லைப் புரட்டி இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை அது முற்றத்துக்கு வந்தால் கையால் எடுக்காதீர்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைச் செருகி, வெளியே ஈரமான இடத்தில் விட்டுவிடுங்கள். பத்திரிகை வெள்ளை அட்டையாக இருந்தால் இன்னும் நல்லது, சுட்டால் பழுப்புப் பொட்டு எந்தப் பக்கம் தெறித்திருக்கிறது என்று பார்க்கலாம். விடுவதற்கு முன் முதுகுத் திட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்து அனுப்புங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.